நனையக் கூடாத கட்டைவிரல்

ஐ.சி.யூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதனின் ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. பத்து நாளாக இதே வேலை. தொடையில் செருகிய குழாயில் கறுப்பாக வரும். கழுத்துக் குழாயில் பளிச்சென்று சிவப்பாகப் போகும். எனக்கோ சர்க்கரை டெஸ்டுக்கு விரலில் ஊசி குத்தினாலே தலை சுற்றும். சுவரில் ஒட்டியிருந்த 'கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உள்ளே வரவும்' அறிவிப்பை மூன்றாவது தடவையாகப் படித்தேன்.

"குணா, மயக்கம் வர்றதா இருந்தா இங்கயே விழு. வெளில விழுந்தா ஸ்ட்ரெச்சருக்கு அரை மணி நேரம் ஆவும்" என்றார் அலர்மேல்மங்கை மேடம்.

மேடத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் வண்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு விபத்துகளை விசாரித்தவர். இப்போது திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் சொந்தத் துப்பறியும் ஆபீஸ். அதில் நான் உதவியாளன், டிரைவர், டீ வாங்குகிறவன் எல்லாம். விசிட்டிங் கார்டில் மட்டும் 'அசோசியேட்' என்று போட்டிருக்கும்.

டாக்டர் நந்திதா முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

"எட்டு விலா எலும்பு உடைஞ்சிருக்கு. நுரையீரல் ரெண்டும் நசுங்கி ரத்தம் ஊறின பஞ்சா இருந்துச்சு. வென்டிலேட்டர் போதல. அதான் எக்மோ மெஷின். நுரையீரல் செய்யற வேலைய அது வெளில நின்னு செய்யுது. உள்ள இருக்கற நுரையீரல் லீவுல இருக்கு."

"லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்புமா டாக்டர்?" என்றேன்.

"நேத்துலேர்ந்து திரும்பற மாதிரிதான் இருக்கு. நாலு மணிக்கு மயக்க மருந்தக் குறைச்சுக் கண் முழிக்க வைக்கப் போறோம். ஆனா மெஷின் இன்னும் நாலு நாளாவது ஓடணும். முழிச்சதும் அவர் பதறக் கூடாது. பதறி ஒரு குழாய இழுத்துட்டார்னா, இல்ல யாராவது இழுத்துட்டா, ரெண்டு நிமிஷம்தான்."

'யாராவது' என்ற அந்த வார்த்தைதான் எங்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. பக்கத்தில் நின்ற ஹரிதாவின் கண்களில் தூக்கமே இல்லை. உள்ளே படுத்திருக்கும் ஸ்ரீஹரியின் மனைவி. எங்களிடம் கேஸ் கொடுத்தவள். ஸ்ரீசிட்டியில் ஒரே ஃபேக்டரியில் இரண்டு பேருக்கும் வேலை, எட்டு மாதம் முன்பு காதல் கல்யாணம். இவள் நாயுடுபேட்டைக் காலனிப் பெண். அவன் விஜயபுரம் மண்டலத்தில் நிலம் நீச்சு உள்ள விவசாயக் குடும்பம்.

"நாலு மணிக்குள்ள கண்டுபுடிங்க மேடம்" என்றாள். "முழிச்சா எல்லாரும் பாக்க வருவாங்க. அவர இப்படிப் பண்ணவனும் ஆப்பிள் வாங்கிக்கினு வந்து கட்டில்கிட்ட நிப்பான். யார உடறது, யார நிறுத்தறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நடந்தது இதுதான். போன வாரம் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு மணி, கொட்டுகிற மழை. ஹரிதாவுக்குக் காய்ச்சல். ஸ்ரீஹரியின் பைக் மெக்கானிக்கிடம் இருந்ததால், அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, அவளுடைய ரோஸ் கலர் மழைக்கோட்டையே மாட்டிக்கொண்டு மாத்திரை வாங்கப் போனான். அரைமணி நேரத்தில் அவனுடைய அப்பா நாராயணசாமி அவனை ஏரிக்கரை ரோட்டில் நசுங்கிய நெஞ்சோடு கண்டெடுத்து, அலறிக்கொண்டு திருப்பதிக்குக் கொண்டுவந்தார். ஏதோ லாரி அடித்துவிட்டு ஓடிவிட்டது என்றார். போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது.

ஹரிதாவுக்குச் சந்தேகம். அந்த ஏரிக்கரையில் லாரி நுழைந்தால் திரும்பவே முடியாது. மூன்று நாள் முன்பு எங்களைத் தேடி வந்தாள். நர்ஸுகள் கத்தரித்துப் போட்ட மழைக்கோட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தாள். மேடம் அதை ஆபீஸ் மேஜையில் விரித்துப் பார்த்தது ஒரு நிமிடம்தான். நெஞ்சுப் பக்கத்தில் அழுந்தப் பதிந்த மூன்று நேர்க்கோடுகள்.

"லாரி டயர்னா கட்டம் கட்டமா வுழும். இது டிராக்டர் முன்சக்கரம்" என்றார்.

விஜயபுரம் பக்கம் டிராக்டருக்கா பஞ்சம்? இரண்டு நாள் சேற்றில் அலைந்து பதினொன்றை எண்ணினோம். பதினொன்றையும் மழை கழுவி வைத்திருந்தது. அதில் ஒன்று ஸ்ரீஹரி வீட்டிலேயே நின்றது. கிழட்டு வண்டி. அதை ஓட்டுகிறவன் அவனுடைய அண்ணன் ரகு.

கிளம்பும்போது வராண்டா பெஞ்சில் நாராயணசாமி குனிந்து உட்கார்ந்திருந்தார். தோளில் இருந்து மடி வரை பெரிய துண்டு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வழக்கம்போல் டீ வாங்கிக் கொடுத்தேன். வலது கையால் வாங்கிக்கொண்டார். கட்டைவிரலில் ஊதா மை. நேற்று ரத்த பாட்டிலுக்குக் கைநாட்டு வைத்தது.

"எம் புள்ளய எழுப்பிக் குடுத்துடு சாமி" என்றார் என்னிடம். நான் என்ன டாக்டரா? வண்டிச் சாவியோடு கீழே இறங்கினேன்.

மணி பன்னிரண்டரை. ரேணிகுண்டா தாண்டி வண்டியைப் புத்தூர் ரோட்டில் விட்டேன்.

"மேடம், டிராக்டர் விஜயபுரத்துல. ஆளு திருப்பதில. நாம எதுக்குப் புத்தூர் போறோம்? எனக்கு எதுவும் உடையலியே."

"உன் கட்டைவிரல் எங்க இருக்கு?"

"ஸ்டீயரிங்ல."

"வளையத்துக்கு உள்ள மாட்டிக்கினு இருக்கா, மேல இருக்கா?"

"உள்ள."

"பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய டிராக்டர்ல அப்படிப் புடிச்சா என்ன ஆவும் தெரியுமா? முன்சக்கரம் ஒரு கல்லு மேல ஏறுனா ஸ்டீயரிங் படார்னு திருப்பி அடிக்கும். உள்ள இருக்கற விரல் அடியோட போயிடும். என் சர்வீஸ்ல நாப்பது க்ளெய்ம் பாத்திருக்கேன்." மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கல்லுக்குப் பதிலா ஒரு மனுஷன் நெஞ்சு இருந்தாலும் அப்படித்தான் அடிக்கும்."

நான் கட்டைவிரல் இரண்டையும் சட்டென்று வெளியே எடுத்தேன்.

"அடிச்சவன் விரல் உடைஞ்சிருக்கும். சரி. அதுக்குப் புத்தூர்தான் போவான்னு எப்படிச் சொல்றீங்க? திருப்பதில தடுக்கி வுழுந்தா எலும்பு டாக்டர்."

"நீ எந்த ஊரு?"

"நகரி."

"ஏழாங்கிளாஸ்ல மரத்துலேர்ந்து வுழுந்து கைய ஒடச்சுக்கினியே, எங்க போன?"

"புத்தூர்."

"போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தியே?"

"...புத்தூர்."

"ஓட்டு."

எலும்பு வைத்தியர் ஹேமநாத்தின் தகரக் கொட்டகையில் வரிசை தெருவரைக்கும் வந்திருந்தது. தொங்குகிற கை, வீங்கிய முட்டி, சாய்ந்த தோள் என்று மனிதர்கள் உதிரி பாகங்களாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒருத்தன் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு அலறினான். என்னுடைய போன வருஷத்துக் கணுக்கால் ஞாபகமாக வலித்தது.

ஹேமநாத் பச்சிலை அரைத்த கையைத் துடைக்காமலே தெலுங்கு கலந்து பேசினார்.

"சூடண்டி மேடம், பேரு கேக்கற பழக்கம் லேது. எலும்பக் காட்டுவாங்க, கட்டுவேன், போயிடுவாங்க."

"சரி, எலும்பையே கேக்கறேன். போன வாரம் கட்டைவிரல், அடியில உடைஞ்சு, டிராக்டர்ல வந்தது."

அவர் முகம் மலர்ந்தது. ஆளை மறப்பாரே தவிர எலும்பை மறக்க மாட்டார் போலிருந்தது.

"ஓ, அந்த விரலா! புதன்கிழமை காலைல. இடது கை. பாத்ததுமே கேட்டேன், இந்த மழைல டிராக்டர எங்கய்யா எடுத்தேன்னு. பதிலே இல்ல. அழுகைதான்."

"ஆளு எப்படி இருப்பாரு? வயசென்ன?" என்று பாய்ந்தேன்.

"அன்னைக்கு மட்டும் அறுபது பேரு. இழுக்கறப்ப பயந்துக்கக் கூடாதுன்னு மூஞ்சில துண்டப் போட்டுடுவோம். மூஞ்சிக்கு நான் எங்க போறது? ஆனா ஒண்ணு." குரலைத் தாழ்த்தினார். "முட்ட வெள்ள வெச்சுக் கட்டிட்டு, பத்து நாளைக்குத் தண்ணியே படக் கூடாதுன்னேன். 'கைய கழுவாம எங்காளுகிட்ட என்ன உட மாட்டாங்களே'ன்னு கேட்டாரு. அப்ப பாக்காதேன்னுட்டேன். அதுக்கு அழுதாரு பாருங்க, விரல இழுக்கறப்பகூட அந்த அழுகை இல்ல."

மேடம் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் நான் ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டினேன். "கேஸ் முடிஞ்சுது! ரகுதான். டிராக்டர் அவனுது, ஏரிக்கரை அவன் வூட்டு வழி, ஆஸ்பத்திரிக்கு வந்து போறவன். தம்பிய ஏத்திட்டு அடுத்த நாள் அழுதுக்கினே வெரல் கட்டிக்கினு போயிருக்கான், ராஸ்கல்!"

"தம்பிய ஏன் ஏத்தினான்?"

"சொத்து."

"சொத்துக்காகக் கொல்றவன், 'எங்காளப் பாக்க முடியாதே'ன்னு அழுவானா குணா?"

"நடிப்பு மேடம்."

"மூஞ்சில துண்டு போட்டப்புறம் யாருக்கு நடிப்பு?" என்றார். ரேணிகுண்டா வந்ததும் இன்ஸ்பெக்டர் ரமணாவுக்குப் போன் போட்டு, "நாலு மணிக்கு ஆஸ்பத்திரி கீழ இருங்க சார். மேல வர வேணாம்" என்றார்.

மூன்றே முக்காலுக்கு ஐ.சி.யூ. மாடியில் இருந்தோம். ரகு வந்திருந்தான். வாட்டசாட்டமான ஆள். வாஷ்பேசினில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். நான் பூனை நடை நடந்து பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன்.

சோப்பு நுரைக்குள் இரண்டு கட்டைவிரல்கள். இரண்டும் கல்லு மாதிரி திடமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. முழங்கை வரை நிதானமாகக் கழுவினான். என் தியரியும் அந்த நுரையோடு சேர்ந்து போனது.

"தினமும் இப்படிக் கழுவிக்கினுதான் உள்ள போவியா ரகு?" என்றார் மேடம்.

"ஆமாங்க. உள்ள போயி அவன் காலப் புடிச்சுக்கினு அஞ்சு நிமிஷம் நிப்பேன். நானும் ஹரிதாவும்தான் போறது."

"உங்கப்பா? நைனா உள்ள போறதில்லயா?"

"அவரு போவ மாட்டாருங்க. அந்தக் கோலத்துல பாக்கத் தாங்க மாட்டாரு. அம்மா இல்லாத புள்ளன்னு அவன தோள்லயே தூக்கி வளத்தவரு."

மேடம் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடப்பாவி! மூன்று நாளாக நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே கையால் வாங்கினார். இன்னொரு கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

மேடம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹரிதா எழுந்து வந்தாள்.

"பெரியவரே, புள்ள முழிக்கப் போறான். வாங்க, கை கழுவிக்கினு உள்ள போலாம்."

"எனக்கு மனசு கேக்காதும்மா... நான் இங்கயே குந்திக்கினு இருக்கறேன்."

"நாளைக்குத்தானே புத்தூர்ல கட்டுப் பிரிக்க வரச் சொல்லியிருக்காரு?"

நாராயணசாமியின் அழுகை பாதியில் நின்றது.

"ஆம்பளைங்க கைநாட்டு இடது கட்டைவிரல்லதான் வைப்பாங்க" என்றார் மேடம், ஏதோ விலைவாசி பேசுகிற குரலில். "இருபது வருஷமா ஃபார்ம் பாத்துப் பாத்து எனக்கு அது பழக்கம். மெஷின் வைக்கச் சம்மதம்னு அன்னைக்கு நைட்டு நீங்க வெச்சது வலது. ரத்தத்துக்கு வெச்சது வலது. ஃபைல்ல பாத்தப்பவே உறுத்துச்சு. இருபது எலும்பு டாக்டருங்க இருக்கற ஆஸ்பத்திரில குந்திக்கினு, பஸ் ஏறி புத்தூர் போயி வெரல் கட்டிக்கினு வந்தீங்க பாருங்க, அத இன்னைக்குத்தான் கேட்டேன்."

துண்டை அவரே விலக்கினார். மூங்கில் பத்தை, பச்சிலைக் கறை, முட்டை வெள்ளை காய்ந்து மொடமொடத்த துணி. அதற்குள் கட்டைவிரல்.

ரகு சுவரில் சாய்ந்தான். "நைனா... வண்டிய நீயா எடுத்த?"

"எம் புள்ளன்னு தெரியாதுடா!" கிழவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "சத்தியமா, எம் புள்ளன்னு தெரியாதுடா!"

ஹரிதா கேட்டாள். குரல் உயரவே இல்லை.

"அப்ப யாருன்னு நெனச்சீங்க மாமா?"

அந்த வராண்டாவில் யாரும் மூச்சு விடவில்லை. உள்ளே மெஷின் மட்டும் ஒருத்தனுக்காக விட்டுக்கொண்டிருந்தது.

"மழைக்கோட்டு நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க" என்றாள். "மூணு வாரம் முன்னாடி. கறுப்பு போதும்னேன். 'ரோஸ் எடுத்துக்கம்மா, எவ்ளோ மழைலயும் தூரத்துலேர்ந்தே தெரியணும்'னு சொன்னீங்க. எங்கம்மாகூட எனக்கு இவ்ளோ பாத்துப் பாத்து வாங்கினதில்லன்னு நான் அன்னைக்கு அழுதேன்."

நாராயணசாமி தரையைப் பார்த்துப் பேசினார். "திரௌபதி அம்மன் கொடியேத்து நாலு தலமொறையா எங்க கை. நீ மருமவளா வந்ததால இந்த வருஷம் உடல. எங்க வூட்ல ஒருத்தன் தண்ணி குடிக்கல. உன்னப் பாத்தா எனக்கு... வயிறு எரியும்மா. மேல ஏத்திட்டு எறங்கிப் பாத்தேன். தொப்பிய வெலக்கினா... எம் ஹரி..."

"வெரல் உடைஞ்சதாலதான் அவன் உயிரோட இருக்கான்" என்றார் மேடம். "ஸ்டீயரிங் திருப்பி அடிச்சு வண்டி ஒதுங்கிடுச்சு. இல்லன்னா பின்சக்கரமும் ஏறியிருக்கும்."

எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக் சொல்கிற எனக்கே கோபமாக வந்தது. அந்த ஆளின் அழுகை அத்தனையும் உண்மை. அதனால்தான் பத்து நாளும் யாருக்கும் தெரியவில்லை. இந்தப் பெண்ணைக் கொன்றிருந்தால் ஒரு சொட்டு விட்டிருப்பாரா?

மேடம் போனை எடுத்தார். "இன்ஸ்பெக்டர் கீழ நிக்கறாரு."

"வேணாம் மேடம்" என்றாள் ஹரிதா.

"என்னம்மா சொல்ற?"

"முழிச்சதும் அவரு பதறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கண்ணத் தொறந்தா அவரு மொதல்ல தேடறது என்ன இல்ல, நைனாவத்தான். இல்லன்னா பதறுவாரு." கண்களைத் துடைத்துக்கொண்டாள். "மெஷின் எடுக்கற வரைக்கும் இவரு உள்ள இருக்கணும். அப்புறம் கூட்டிக்கினு போங்க. நான் எங்கயும் நகர மாட்டேன், பக்கத்துலயே நிப்பேன்."

மேடம் போனைக் காதில் வைத்தார். "ரமணா சார், கதவுக்கு வெளில ரெண்டு கான்ஸ்டபிள் போடுங்க. நாலு நாளைக்கு."

டாக்டர் நந்திதாவிடம் மேடம் தனியாகப் பேசினார். வலது கையைக் கழுவச் சொல்லி, கட்டுக்கு மேல் பெரிய கையுறை ஒன்றை மாட்டி, நர்ஸ் ஒருத்தி கூடவே நிற்க, டாக்டர் நாராயணசாமியை உள்ளே விட்டார். பத்து நாள் கழித்து முதல் தடவையாக மகன் பக்கத்தில் போகிறார். ஹரிதா முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். கதவு பாதி திறந்திருந்தது.

நாலு ஐந்துக்கு ஸ்ரீஹரி கண்ணைத் திறந்தான். முதலில் கூரையைப் பார்த்தான். பிறகு குழாய்களை. உடம்பு உதறியது. மானிட்டர் கீச்சென்று கத்தியது. நர்ஸ் அவன் கையைப் பிடித்தாள்.

"நைனா வந்துகிறாரு பாருங்க" என்றாள் ஹரிதா.

தலை மெல்லத் திரும்பியது. அப்பாவைப் பார்த்தான். உதறல் அடங்கியது. மானிட்டரும் வாயை மூடியது. டாக்டர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

கழுத்தில் துளை போட்டிருந்ததால் அவனால் பேச முடியாது. டாக்டர் ஒரு சின்னச் சிலேட்டை அவன் கையருகே வைத்தார். அவன் வெகுநேரம் எடுத்துக் கோணல் மாணலாக எழுதினான். ஹரிதா அதை எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

"நைனா, கைல என்னா?"

நாராயணசாமி கையுறைக்குள் இருந்த கையை முதுகுக்குப் பின்னால் இழுக்கப் பார்த்தார். ஹரிதா அந்த முழங்கையை விடவில்லை.

ஸ்ரீஹரி சிலேட்டை உள்ளங்கையால் அழித்தான். மறுபடி எழுதினான்.

"வலிக்குதா?"

படித்துவிட்டு ஹரிதா மாமனார் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க மாமா. இன்னும் நாலு நாளு இந்த மெஷின் ஓடும். அது வரைக்கும் அவரு கேட்டுக்கினேதான் இருப்பாரு."